கணினியை விரைவாக்கிய கிழமை

என் கணவர் இறந்து இருபத்திரண்டாம் நாள்தான் எங்கள் வீட்டுக் கணினியை நான் முதன்முதலாகத் தனியே போட்டேன். சுவரில் இருந்த மின் ஆளியைத் தட்டி, பெட்டியின் பொத்தானை அமத்திவிட்டுக் கதிரையில் இருந்தேன். சுவர் மணிக்கூட்டில் ஒன்பது பத்து. அது வேலைக்கு ஆயத்தமாகி நின்றபோது ஒன்பது இருபத்தைந்து. அவர் இருந்த காலத்தில் அந்தக் கால் மணித்தியாலத்துக்குள் கோழிகளுக்குத் தீன் போட்டு, அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிடுவேன். இப்போது ஊற்றிக் கொடுக்க ஆள் இல்லாததால் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

கடைசியில் திரையில் வந்தது அவருடைய முகம்.

இதைக் கொஞ்சம் விளக்கித்தான் சொல்ல வேண்டும். அவர் கந்தோரில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு வீட்டில் இருந்து கல்வெட்டு அடித்துக் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் வீட்டுக்கிருத்தியத்துக்கு வருகிறவர்களின் கையில் ஒரு சிறு புத்தகம் கொடுப்பார்கள். இறந்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, சில பக்திப் பாடல்கள், கடைசிப் பக்கத்தில் நன்றி. அதைத்தான் கல்வெட்டு என்பது. சரவணை, வேலணை, புங்குடுதீவு என்று தீவுப் பக்கத்தில் எங்கிருந்தும் கையெழுத்தில் கொண்டுவந்து தருவார்கள். நான் பக்கத்தில் இருந்து வாசிப்பேன், அவர் அடிப்பார். ஏழாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் எந்தக் கிறுக்கல் எழுத்தையும் நான் வாசித்துவிடுவேன். அவருக்குக் கண் குறைவு. மவுஸின் அம்புக்குறியைக்கூடப் பெரிதாகக் கறுப்பாக மாற்றி வைத்திருந்தார்.

ஆர் ஆர் மோசம் போனது என்று தெரிந்தால்தானே வேலை வரும். அதனால் கணினியைப் போட்டதும் மரண அறிவித்தல் பக்கம் தானாகத் திறக்கும்படி செய்து வைத்திருந்தார். அன்றைக்கும் அது திறந்தது. வெளிநாட்டில் இருக்கும் அவருடைய சொந்தக்காரர் ஒருவர் போட்ட அறிவித்தல் அதில் இன்னும் கிடந்தது. படம் மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. தலைமயிர், நெற்றி, கண்ணாடி. மூக்குக்கு வந்ததும் நின்றுவிட்டது.

மிச்சம் வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. மூக்கோடு நிற்கிறதே, இது பழுதோ, நான் ஏதும் கூடாததை அமத்திவிட்டேனோ என்ற யோசனைதான் ஓடியது.

நான் கணினியைப் போட்டது அவருடைய கல்வெட்டுக்காக. அதை அவர் தானே அடித்து வைத்திருந்தார். "என்ரை கல்வெட்டை நானே அடிச்சு வைச்சிட்டுத்தான் போவன். மற்ற ஆக்கள் பிழை பிழையா அடிப்பாங்கள்," என்று பகிடியாகச் சொல்லுவார். பகிடி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மாசியில் ஒரு நாள், "இஞ்சாரும், அது முடிஞ்சுது. திகதி மட்டும் போட்டால் சரி," என்றார். என்னை வாசிக்கக் கூப்பிடாமல் அவர் அடித்த ஒரே கல்வெட்டு அதுதான். அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. அப்படியான கதை கதைத்தால் நடந்துவிடும் என்று எனக்குப் பயம். கதைக்காமலே நடந்தது.

யாழ்ப்பாணத்தில் அவர் வழமையாகக் கொடுக்கும் அச்சகக்காரர் போனில் சொல்லியிருந்தார்: "அக்கா, வெள்ளிக்கிழமைக்கிடையிலை தந்தால்தான் முப்பத்தொண்டுக்கு ஏலும். பிந்தினால் என்னட்டைக் கேக்காதேங்கோ."

நான் கணினியைப் போட்டது திங்கட்கிழமை. திகதி போடுவதற்காக அந்தக் கோப்பைத் திறந்தேன். வட்டம் சுற்றியது. சுற்றிச் சுற்றித் திரை வெளிறிப்போனது. எதை அமத்தினாலும் அசையவில்லை. நிற்பாட்டித் திரும்பப் போட்டேன், இன்னொரு கால் மணித்தியாலம் போனது. பிறகும் அப்படியே. மூன்றாம் முறையும் பொத்தானுக்குக் கையை நீட்டினேன். இப்படி நிற்பாட்டி நிற்பாட்டிப் போட்டால் உள்ளே இருக்கிறது அழிந்துவிடும் என்று அவர் எப்போதோ ஒருவருக்குச் சொன்னது ஞாபகம் வந்தது. பிளக்கைக் கழற்றிவிட்டு வந்து குசினியில் நின்றேன். கொஞ்ச நேரத்தால் திரும்பிப் போய், கழற்றியிருக்கிறேனா என்று பார்த்தேன். பிறகும் ஒரு முறை பார்த்தேன்.

மேசை லாச்சிக்குள் அவருடைய கொப்பி ஒன்று இருந்தது. கணினியை விரைவாக்கப் பத்திரிகைகளில் வரும் குறிப்புகளை வெட்டி ஒட்டி, பக்கத்தில் சிவப்புப் பேனையால் எழுதி வைத்திருந்தார். காசு கொடுத்து ஒன்றும் வாங்கத் தேவையில்லை, எல்லாம் கணினிக்குள்ளேயே இருக்கிறது என்று முதற் பக்கத்தில் கோடு போட்டிருந்தார். அதற்குக் கீழே, 'நேரம் கிடைக்கும்போது செய்ய.' ஒன்றையும் அவர் செய்யவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை நான் செய்யத் தொடங்கினேன்.

முதலாவது, கணினி தொடங்கும்போது தானாகத் தொடங்குகிறவைகளை நிற்பாட்டுவது. ஒரு பட்டியல் வந்தது. ஆங்கிலம் எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும். எப்போதோ பழுதாகித் தூக்கி எறிந்த பிரிண்டருக்குரிய ஒன்று இன்னும் தினமும் எழும்பிப் பிரிண்டரைத் தேடிக்கொண்டிருந்தது. பஞ்சாங்கம் ஒன்று. படம் எடுத்துக் கதைக்கிற ஒன்று. மரண அறிவித்தல். ஒவ்வொன்றாக நிற்பாட்டினேன். மரண அறிவித்தலை நிற்பாட்டும்போதும் கை ஒரே மாதிரித்தான் இருந்தது.

அந்த நேரம் மச்சாள் வந்தா. அவருடைய தமக்கை, அடுத்த ஒழுங்கையில் இருக்கிறா. செத்தவீடு நடந்த நாளில் இருந்து மத்தியானச் சாப்பாட்டைத் தூக்குச் சட்டியில் கொண்டுவந்து, நான் சாப்பிடும்வரை இருந்து பார்த்துவிட்டுத்தான் போவா.

"என்ன செய்யிறீர்?"

"கொம்பியூட்டரைக் கெதியாக்கிறன் மச்சாள்."

"கெதியாக்கி எங்கை போகப் போறீர்?"

"கல்வெட்டுத் திறக்குதில்லை."

"பெடிப்பிள்ளையள் ஆரையும் கூப்பிட்டுக் கேளுமன்."

"அவையள் வந்து தட்டினால் எல்லாம் போயிடும்."

"நீர் தட்டினால் மட்டும் இருக்குமோ?" என்று சொல்லிக்கொண்டு மற்றக் கதிரையில் இருந்தா. அது என்னுடைய கதிரை. நான் அவருடையதில் இருந்தேன்.

இரண்டாவது, சேர்ந்து கிடக்கும் தற்காலிகக் கோப்புகளைத் துப்புரவாக்குவது. அதற்கென்று ஒரு வேலை உள்ளுக்கே இருக்கிறது, சொன்னால் தானே தேடிப் பிடித்து அழிக்கும். அழிக்க முதல் நிச்சயமா என்று கேட்டது. இந்தக் கணினி எதற்கும் நிச்சயமா என்று கேட்கும். எனக்குப் பிறந்ததில் இருந்து எதிலும் நிச்சயம் இருந்ததில்லை. மச்சாளைப் பார்த்தேன். "என்னை ஏன் பாக்கிறீர்? எனக்கு அடுப்பைத் தவிர ஒண்டும் தெரியாது," என்றா. ஓம் என்று அமத்தினேன். சோறு சாப்பிட்டு, சட்டியைக் கழுவிக் கொடுத்த பிறகும் அது அழித்துக்கொண்டேயிருந்தது.

மூன்றாவது, தோற்றத்தைக் குறைப்பது. சாளரங்களுக்கு நிழல் விழுவது, வழுக்கிக்கொண்டு திறப்பது, மங்கி மறைவது, எல்லாவற்றுக்கும் முன்னால் சரி அடையாளம் இருந்தது. எல்லாவற்றையும் எடுத்துவிடத் தனியாக ஒரு பொத்தான். எடுத்தேன். பின்னால் இருந்த படத்தையும் நீக்கி வெறும் நீலமாக்கினேன். அது இறங்குதுறையில் படகுக்கு நின்றபோது அவர் எடுத்த கடல் படம். கடலைத் தவிர அதில் ஒன்றும் இல்லை.

மச்சாள் எட்டிப் பார்த்தா. "வெள்ளை அடிக்காத வீடு மாதிரிக் கிடக்கு."

"கெதியா ஓடுமாம்."

"ஓடட்டும்."

அம்புக்குறியையும் பழையபடி சிறிதாக்கலாம் என்று கொப்பியில் இருந்தது. அதை விட்டுவிட்டேன். எனக்கும் கண் அவ்வளவு நல்லதில்லை.

நாலாவதுதான் நான் செய்த பிழை. தேவையற்ற எழுத்துருக்களை நீக்குக, என்று குறிப்பு. எழுத்துரு என்றால் எழுத்தின் வடிவம் என்று தெரியும். கல்வெட்டின் தலைப்புக்கு எது நல்லது, தடிப்பா மெல்லிசா என்று அவர் என்னிடம் கேட்பார். எழுத்துருக்கள் இருக்கும் இடத்தைத் திறந்தால் நூற்றுக்கணக்கில் கிடந்தன. அநேகமாக எல்லாம் ஆங்கிலம், கணினியோடு வந்தவை. அவற்றைத் தொட எனக்குப் பயம். அது அதன் சொந்தச் சாமான், ஒன்றை எடுத்தால் கணினி எழும்பாமல் போய்விடலாம். வெளியில் இருந்து அவர் கொண்டுவந்து போட்டவை தமிழ் எழுத்துருக்கள் மட்டும்தான். அதில் ஒன்றுக்கு ஒரு பெண்பிள்ளையின் பெயர். அது மூன்று நாலு தரம் திரும்பத் திரும்பக் கிடந்தது. இனி இந்த வீட்டில் ஆர் தமிழ் அடிக்கப் போகிறார்கள்? ஆபத்தில்லாதவை என்று பார்த்து அவற்றை மட்டும் அழித்தேன். அடுத்த குறிப்பு, குப்பைத் தொட்டியை வெறுமையாக்குக. அதையும் செய்தேன்.

நிற்பாட்டிப் போட்டேன். இரண்டு நிமிடத்துக்குள் எழும்பியது. மச்சாள் கூட, "அட," என்றா. கோப்பைத் திறந்தேன். வட்டம் ஒரு சுற்றுத்தான் சுற்றியது.

பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகள். பெரியது, சிறியது, அரைப்புள்ளி, கால்புள்ளி, எல்லாம் கலந்து. ஒரு சொல்லும் சொல் இல்லை. நாலு பக்கமும் அப்படியே. இடையில் அவர் பிறந்த ஆண்டு மட்டும் இலக்கத்தில் இருந்தது.

"என்ன இது? இங்கிலிசிலையே அடிச்சவன்?" என்று மச்சாள் கேட்டா.

"இல்லை. நான் அழிச்சுப்போட்டன்."

மச்சாள் சட்டியின் மூடியைக் கழற்றித் திரும்பப் பூட்டினா. "அச்சகக்காரனிட்டைக் கேளுமன்," என்றா கடைசியில்.

"கேக்க ஏலாது மச்சாள்."

கேட்டால் போய்விட்டது என்று சொல்லிவிடுவார். கேட்காதவரைக்கும் போகவில்லை. என் மூளை அப்படித்தான் வேலை செய்யும். இதை விசர் என்று அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். மச்சாள் போன பிறகு நான் கொப்பியை மூடி லாச்சிக்குள் வைத்தேன், கோழிகளை அடைத்தேன். ஏழாம் வகுப்போடு நின்ற ஒருத்தி ஒரு மனுசனின் கடைசி எழுத்தை அழித்துவிட்டாள் என்று ஆரோ எங்கோ கதைக்கிற மாதிரி எனக்குக் கேட்டது. அதுவும் தூரத்தில்தான் கேட்டது.

புதன் காலையில் திரும்பவும் போட்டுப் பார்த்தேன். மாறியிருக்கும் என்று நினைக்கவில்லை. முதல் வரி கொஞ்சம் பெரிய எழுத்தில், நடுவில் இருந்தது. எல்லாக் கல்வெட்டிலும் அந்த இடத்தில் வருவது 'வாழ்க்கை வரலாறு.' நூறு தரமாவது வாசித்திருப்பேன். நான் சுவரைப் பார்த்தேன். அவர் அடிக்கப் பழகிய காலத்தில் ஒட்டிய தாள் இன்னும் அங்கே இருந்தது. எந்த ஆங்கில விசைக்கு எந்தத் தமிழ் எழுத்து என்ற அட்டவணை. ஓரம் மஞ்சளாகி, உப்புக் காற்றில் குண்டூசி கறள் பிடித்து இறங்கியிருந்தது. திரையில் முதல் எழுத்தைப் பார்த்துத் தாளில் தேடினேன். 'வ.' அடுத்தது அரவு, நெடிலுக்குப் போடும் கால். அடுத்தது 'ழ.'

எழுத்துகள் ஒன்றும் போகவில்லை, அவை போட்டிருந்த தமிழ் முகம் மட்டும்தான் போயிருந்தது. அது எனக்கு விளங்கியபோது சந்தோசம் என்று ஒன்றும் வரவில்லை. வேலை ஒன்று வந்தது. புதுக் கொப்பி ஒன்றை எடுத்து, கோடு போடும் அடிமட்டத்தைத் திரையில் வரியின் கீழ் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தாளில் தேடி எழுதத் தொடங்கினேன்.

புதன் முழுநாளும் ஒன்றரைப் பக்கம். மச்சாள் சட்டியோடு வந்து, அடிமட்டத்தைப் பிடிக்கிற வேலையை எடுத்துக்கொண்டா.

"கீழை விடுங்கோ மச்சாள். அடுத்த வரி."

"விட்டாச்சு. என்ன வருகுது?"

"'அன்னார்' எண்டு வருகுது."

"ஆர் அன்னார்?"

"அவர்தான். தன்னைத்தான் சொல்லுறார்."

"உயிரோடை இருக்கேக்கையே அன்னாரோ! அவனுக்குச் சின்னனிலை இருந்தே இப்பிடி ஒரு நடப்பு."

சரவணையில் பிறந்தது, படித்தது, தகப்பனோடு புகையிலைத் தோட்டத்தில் தண்ணீர் இறைத்தது, கந்தோரில் வேலை கிடைத்தது, இடம்பெயர்ந்து வன்னியில் இருந்தது, திரும்பி வந்து கூரையில்லாத வீட்டுக்குக் கூரை போட்டது. எல்லாம் கல்வெட்டு வசனத்தில். மற்றவர்களுக்கு அடித்த அதே வசனங்கள். எழுத்து எழுத்தாக வந்ததால் எந்த வசனமும் எங்கே போகிறது என்று தெரியாமல், முடிந்த பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம் சரி பார்த்தேன். அவருக்குப் பிழை பிடிக்காது.

வியாழன் பின்னேரம் மூன்றாம் பக்கத்தில் என்னுடைய பெயர் வந்தது. இன்னாரை வாழ்க்கைத் துணையாக ஏற்று இல்லறம் நடத்தி வந்தார் என்று ஒரு வரி. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை என்பதால் வழமையாக அதற்குப் பிறகு வரும் நாலைந்து வரி வரவில்லை. அடைப்புக்குறி ஒன்று வந்தது. உள்ளே இருந்ததை எழுத்து எழுத்தாக எழுதி முடித்து வாசித்தேன்.

(இவவைப் பற்றி இவவிட்டையே கேட்டுப் போட வேணும்.)

கையெழுத்துப் பிரதியில் ஏதாவது குறைந்தால் அவர் இப்படித்தான் அடைப்புக்குறிக்குள் ஒரு குறிப்பு அடிப்பார். தகப்பனின் ஊரைக் கேட்க வேணும், மூத்த மகளின் பெயரைக் கேட்க வேணும் என்று. பிறகு அந்த வீட்டுக்காரருக்குப் போன் எடுத்துக் கேட்பார். நான் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தேன். மாசிக்கும் அவர் போனதுக்கும் இடையில் ஐந்து மாதம்.

"என்னவாம்?" என்றா மச்சாள்.

வாசித்துக் காட்டினேன்.

"கேட்டவனோ?"

"இல்லை."

மச்சாள் அடிமட்டத்தைத் திரையில் இருந்து எடுக்கவேயில்லை. "சரி, அடுத்த வரி," என்றா. அந்த அடைப்புக்குறியையும் அப்படியே கொப்பியில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்சில் யாழ்ப்பாணம் போனேன். கொப்பி கைப்பைக்குள். அவர் செய்வதைப் பார்த்திருந்த மாதிரியே கோப்பைப் பென் டிரைவிலும் ஏற்றி, கைலேஞ்சியில் சுற்றி வைத்திருந்தேன், எதற்கும் இருக்கட்டும் என்று. பாலத்தடியில் காற்று அடித்தபோது யன்னலைச் சாத்தச் சொன்னேன். முன்சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்துவிட்டுச் சாத்தினார்.

அச்சகக்காரர் கொப்பியைப் புரட்டினார். "கையாலை எழுதிக்கொண்டு வந்திருக்கிறியள். அண்ணை அடிச்சு வைச்சிருக்கிறார் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

நடந்ததைச் சொன்னேன். எழுத்துருவை அழித்ததைக் கடைசியில்தான் சொன்னேன்.

"பென் டிரைவ் கொண்டு வந்தனீங்களோ?"

கொடுத்தேன். குத்தினார். திறந்தார். தமிழ். நாலு பக்கமும், தலைப்புத் தடிப்பில், வரிகள் நேராக.

"எங்களிட்டை அந்த எழுத்து இருக்குத்தானே அக்கா. அண்ணை இவ்வளவு காலமும் அதிலைதானே தந்தவர். போன் எடுத்திருந்தால் சொல்லியிருப்பன். ரண்டு நாள் இருந்து எழுதினனீங்களோ?"

"ஒண்டே முக்கால்," என்றேன்.

அவர் சிரிக்கப் பார்த்துவிட்டு நிற்பாட்டிக்கொண்டார். திகதியைக் கேட்டுப் போட்டார். பிறகு வாசித்துக்கொண்டு போனவர் மூன்றாம் பக்கத்தில் நின்றார்.

"இந்த அடைப்புக்குறியை எடுத்துவிடட்டோ?"

நான் திரையில் அந்த வரியைத் திரும்ப வாசித்தேன்.

"இல்லாட்டி வழமையான வசனம் ஒண்டு போடுறன். அன்பும் பண்பும் நிறைந்த இல்லத்தரசி எண்டு. இல்லை, நீங்கள் ஏதும் சொல்லுங்கோ, அடிக்கிறன். உங்களிட்டைக் கேட்டுத்தானே போடச் சொல்லியிருக்கிறார்."

விசைப்பலகையில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். பின்னால் மெசின் ஒன்று தாள் தள்ளிக்கொண்டிருந்தது. அன்பு, பண்பு எல்லாம் நூறு கல்வெட்டில் நானே வாசித்தவை. எனக்கு வேறு ஒன்றுதான் வந்தது.

"இவ வாசிப்பா, அவர் அடிப்பார் எண்டு போடுங்கோ."

"அவ்வளவும்தானோ?"

"அவ்வளவும்தான்."

"கல்வெட்டிலை அப்பிடிப் போடுறேல்லை, அக்கா. கொஞ்சம் திருத்தி, அன்னாரின் பணிக்கு உறுதுணையாக…"

"வேண்டாம்."

"நிச்சயமோ?"

"ஓம்."

அவர் அடித்தார். அடைப்புக்குறிகள் இரண்டையும் எடுத்துவிட்டார். எழுத்துருவையும் பென் டிரைவில் போட்டுத் தந்து, இரண்டு தரம் தட்டினால் திரும்ப வந்துவிடும் என்றார்.

முப்பத்தோராம் நாள் வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கல்வெட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்கள். வாசித்தவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. மச்சாள் மட்டும் மூன்றாம் பக்கத்தை விரித்து, கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தா. "பிழை இல்லை," என்றா. பிறகு பந்திக்கு வாழையிலை போதாது என்று எழும்பிப் போனா.

எழுத்துருவைத் திரும்பப் போட்டுவிட்டேன். கணினி இப்போது இரண்டு நிமிடத்தில் ஆயத்தமாகிவிடுகிறது. காலையில் போடுகிறேன். கோழிகளுக்குத் தீன் போட்டு வர முதலே, வெறும் நீலத்தில் பெரிய கறுப்பு அம்புக்குறி வந்து நிற்கிறது. திறக்க ஒன்றும் இல்லை. நிற்பாட்டவா, நிச்சயமா என்று அது கேட்பதில்லை, அதற்கு மட்டும் கேட்பதில்லை. நிற்பாட்டிவிட்டுப் பிளக்கைக் கழற்றுகிறேன். கொஞ்ச நேரத்தால் வந்து, கழற்றியிருக்கிறேனா என்று பார்க்கிறேன்.